நிழல் விழும் பக்கம்

ஜனவரி 11

சம்பந்தி அவர்களுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? படி ஏறும்போது வலித்தால் அது நீங்களே பிளான் போட்ட படியாகத்தான் இருக்கும்.

பொடிசு லீவு முடிந்து நேற்று அங்கே வர வண்டி ஏறிவிட்டாள். உங்கள் மகனும் என் மகளும் வேலை வேலை என்று கடல் தாண்டிப் போய் உட்கார்ந்துகொண்டு, பிள்ளையை உங்கள் வீட்டில் விட்டிருக்கிறார்கள். கட்டடப் படிப்புக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது, அதற்குத் தலைவரும் நீங்கள். சோறு போடுகிறவரும் நீங்கள்தான், பாடம் போடுகிறவரும் நீங்கள்தான். அப்படியும் பிள்ளை கழுத்தெலும்பு தெரிய வந்து நிற்கிறாள். கேட்டால், "கடைசி வருஷம் பாட்டி, எல்லாரும் இப்படித்தான் இருப்போம்" என்கிறாள். எல்லாரும் என்றால் யார்? அவளைத் தவிர வகுப்பு முழுக்க ஆம்பளைப் பையன்கள்.

உங்கள் கைவண்ணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் பேசின வருஷம் எங்களுக்கு வீட்டுப் பிளான் போட்டுக் கொடுத்தீர்கள். வேர்வை துடைக்கத் துண்டு போதாத இந்த ஊரில், கூடத்துச் சுவரில் குளிர்காய ஓர் அடுப்பு! அதற்கு வெளிச்சுவரை ஒட்டி ஓங்கி நிற்கும் ஒரு புகைபோக்கி! இருபத்தைந்து வருஷமாக அங்கே எரிந்தது என் வயிறு மட்டும்தான். அந்தப் புகைபோக்கி நிழல் நான் துணி காயப்போடும் இடத்தில் விழுகிறது. இப்போது வடக்கே, வாசல் பக்கம் விழுகிறது, அதனால் கொடியைத் தெற்கே தண்ணீர்த்தொட்டிப் பக்கம் கட்டியிருக்கிறேன். மே மாதம் வந்தால் தொட்டிப் பக்கம் புரண்டுவிடும். கொடியை அவிழ்த்து வாசல் பக்கம் கட்ட வேண்டும். வருஷா வருஷம் இதே பிழைப்பு. ஒவ்வொரு முடிச்சுக்கும் உங்களை ஒருமுறை நினைத்துக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கடைசி வருஷப் பிள்ளைகள் போடும் கட்டடப் படங்கள் கப்பலில் சீமைக்குப் போகுமாம், அங்கே பார்த்து முத்திரை போட்டால்தான் பட்டமாம். வெள்ளைக்காரன் போகிறபோது கொடியை இறக்கினான், முத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான் போலிருக்கிறது. இருக்கட்டும். அந்த முத்திரை வாங்கப் போகும் முதல் பெண் என் பேத்தி. தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். வாசலில் மாட்ட அவள் பெயருக்கு ஒரு போர்டு வேண்டும் என்று போர்டு எழுதுகிறவரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் படம் அந்தக் கப்பலில் ஏறியாக வேண்டும். பெண் என்று, அதிலும் எங்கள் பக்கத்துப் பெண் என்று, ஓரம் கட்டினீர்களானால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம். அதில் உங்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பொடிசின் பாட்டி

பிப்ரவரி 3
கல்லூரித் தலைவர் அலுவலகம்

சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

இங்கு குறை ஒன்றுமில்லை. தங்கள் இருமல் நின்றதா என்று கேட்டு எழுதும்படி வீட்டில் சொன்னார்கள். கேட்டிருக்கிறேன்.

தங்கள் கடிதத்தில் பாதி என் கட்டடத் திறமையைப் பற்றியது. அதற்குப் பதில் இல்லை. மீதிக்கு மட்டும் எழுதுகிறேன்.

இந்தக் கல்லூரி எங்கே தொடங்கியது என்று தங்களுக்குத் தெரியாது. பொதுப்பணி அலுவலகத்தின் பின்பக்கம், சாமான் அறைக்கும் கழிவறைக்கும் நடுவில் ஒரே ஓர் அறை. வெள்ளைக்கார இன்ஜினியர் போட்ட படத்தை டிரேசிங் துணியில் பிசகாமல் நகல் எடுக்க அங்கே பையன்களைப் பழக்குவார்கள். டிராப்ட்ஸ்மேன் வகுப்பு என்று பெயர். நானும் அங்கே முக்காலியில் உட்கார்ந்தவன். ஜன்னலை ஓர் அடி தள்ளி வைத்தால் காற்று வரும் என்று ஒருநாள் வாயைத் திறந்தேன். "நீ கை. தலை நான்" என்றார் அவர். படத்தின் மூலையில் கையெழுத்துக்கு ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தைக் கோடு பிசகாமல் நாங்கள் போடலாம். அதற்குள் எங்கள் பெயர் வரக் கூடாது.

அந்த ஓர் அறை இன்று ஐந்தாண்டுப் படிப்பாக வளர்ந்திருக்கிறது என்றால் அதற்குச் சீமை முத்திரைதான் காரணம். நாங்களும் அவர்களும் ஒரே பரீட்சை எழுதுகிறோம் என்று காட்டித்தான் அந்தக் கட்டத்துக்குள் புகுந்தோம். முத்திரை போனால் என் மாணவர்கள் மறுபடியும் வெறும் கைகள். சட்டைப்பை, கொடி என்று அதைக் கேலி செய்ய வேண்டாம்.

படங்கள் தகரக் குழலில், எண் மட்டும் போட்டுப் போகும். ஆணா பெண்ணா, யார் பேத்தி என்பது அங்கே தெரியாது. இவள் படம் தகுதி இருந்தால் போகும். ஆனால் லீவு முடிந்து வந்ததிலிருந்து வகுப்பில் எதிர்வாதம் செய்கிறாள். எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்று எனக்குத் தெரியும்.

போர்டு எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

மார்ச் 2

சம்பந்தி அவர்களுக்கு,

இருமல் நின்றுவிட்டது. உங்கள் கடிதம் வந்ததும் மறுபடி பிடித்துக்கொண்டது.

வாய் எங்கள் வீட்டுச் சொத்துதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த எதிர்வாதம் என்னவென்று நீங்கள் ஏன் எழுதவில்லை? பொடிசு எழுதிவிட்டாள். உச்சி வெயிலில் கட்டடத்தின் நிழல் எப்போதும் வடக்கே விழும் என்று கரும்பலகையில் போட்டீர்களாம். இவள் எழுந்து, "சார், மே மாசம் எங்க பாட்டி வீட்டுல தெற்கால விழுதே" என்றாளாம். "உங்க பாட்டி வீடு பரீட்சைக்கு வருதா?" என்று கேட்டீர்களாம். வகுப்பே சிரித்ததாம்.

அதோடு விட்டாளா? வீட்டில் சாப்பிடும்போது, "தாத்தா, உங்களுக்கு நெஜமாவே தெரியாதா?" என்று கேட்டிருக்கிறாள். நீங்கள் தலையை நிமிர்த்தாமல், "எனக்குத் தெரியும். மார்க் போடறவனுக்குத் தெரியாது. சாப்பிடு" என்றீர்களாம். அண்ணி மட்டும் சிரித்தார்களாம். அண்ணி நல்ல மனுஷி, உங்களிடம் வாழ்க்கைப்பட்டதைத் தவிர அவர்கள் மேல் எந்தத் தப்பும் கிடையாது.

சபையில் சிரிக்க வைப்பது உங்களுக்குப் பழக்கம்தான். கல்யாணப் பேச்சு நடந்த அன்றைக்கு வீட்டுப் படத்தை என் கையில் கொடுத்தீர்கள். வாங்கிப் பார்த்தேன். "அம்மா தலைகீழா பிடிச்சிருக்காங்க! கூரை மேலயா நடக்கப் போறீங்க?" என்று கேட்டு, வந்திருந்த அத்தனை பேரையும் சிரிக்க வைத்தீர்கள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் அந்த அஞ்சாம் வகுப்பில் என் கையெழுத்தைச் சுவரில் ஒட்டி மற்றப் பிள்ளைகளைப் பார்த்து எழுதச் சொன்னார்கள். உங்கள் கையெழுத்தை இந்த வீட்டில் நான் ஒருத்திதான் படிக்கிறேன், அதுவும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து.

நிழல் எந்தப் பக்கமோ, என் பேத்தி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். படத்தைக் கப்பலில் ஏற்றுங்கள்.

போர்டு எழுதக் கொடுத்தாகிவிட்டது. அவள் பெயர், கீழே "சீமைப் பட்டம் பெற்றவர்" என்று மஞ்சள் எழுத்தில்.

அண்ணிக்கு மட்டும் என் அன்பு.

பொடிசின் பாட்டி

மே 6
கல்லூரித் தலைவர் அலுவலகம்

சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

எல்லோரும் நலம். வெயில் கடுமை. தண்ணீர் நிறையக் குடிக்கவும்.

படங்கள் கப்பல் ஏறிவிட்டன. இவளுடையதும் போயிற்று. சீமையிலிருந்து வந்த கேள்வி, ஒரு சிறு நகரத்துக்கு நூலகம். கட்டடம் நிற்கும் இடத்தைக் காட்டும் மனைப் படத்தில் கோடைக்கால உச்சிவேளை நிழலைக் காட்ட வேண்டும். நூலகம் நன்றாக வந்திருக்கிறது. மிக நன்றாக. ஆனால் நிழலைத் தெற்கே போட்டிருக்கிறாள்.

குழலை மூடுவதற்கு முன் அவளைக் கூப்பிட்டு ஒரு பிளேடும் கொஞ்சம் மையும் கொடுத்தேன். சுரண்டித் திருத்த ஒரு மணி நேரம் போதும். அவள் அந்தப் பிளேடால் பென்சிலைச் சீவிக்கொண்டு, "தேங்க்ஸ் தாத்தா" என்று திருப்பிக் கொடுத்தாள்.

அப்படியே அனுப்பினேன். என் கையால் நான் எதையும் திருத்தவில்லை என்பதைத் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

தங்கள் சம்பந்தி

ஜூலை 2

சம்பந்தி அவர்களுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. தண்ணீர் குடிக்க எனக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிளேடு விஷயம் படித்து நான் சிரித்த சிரிப்பில் கொடியில் இருந்த துணியெல்லாம் காய்ந்திருக்கும். எங்கள் ரத்தம்! உங்கள் கல்லூரியில் இத்தனை வருஷத்தில் யாராவது உங்களிடம் பிளேடை வாங்கிப் பென்சில் சீவியிருக்கிறார்களா?

பொடிசு லீவுக்கு இங்கே இருக்கிறாள். மத்தியானம் ஆனால் போதும், தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு புகைபோக்கி அடியில் போய் நிற்கிறாள். சாக்கட்டியால் தரையில் நிழலின் ஓரத்தைக் கோடு போடுகிறாள். மறுநாள் பக்கத்தில் இன்னொரு கோடு. தொட்டிப் பக்கம் முழுக்கக் கோடு கோடாக இருக்கிறது. "கறுத்துப் போறியேடி" என்றால், "உன் சம்பந்தி கட்டினதுல இது ஒண்ணுதான் பாட்டி பொய் சொல்லாது" என்கிறாள். இதை நான் உங்களைக் குத்துவதற்காக எழுதவில்லை. குத்தினால் சந்தோஷம்தான்.

போர்டு வந்துவிட்டது. சாக்குத் துணியில் சுற்றி, உங்கள் குளிர்காயும் அடுப்புக்குள் நிறுத்தி வைத்திருக்கிறேன். அந்த அடுப்பின் முதல் உபயோகம். எதிர்வீட்டு டெய்லரம்மா, "ரிசல்ட் வராமலே போர்டா?" என்று மூக்கை நுழைத்தாள். "உன் தையல் மாதிரி இல்லம்மா, எங்க பொண்ணு அளவெடுத்தா பிசகாது" என்றேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. முடிவு வந்த மறுநிமிஷம் எனக்குத் தந்தி கொடுங்கள். அவள் வாசலில் இருக்கும் நேரமாகப் பார்த்துச் சாக்கை எடுக்க வேண்டும்.

அண்ணியின் கண் ஆபரேஷன் எப்போது என்று எழுதுங்கள்.

பொடிசின் பாட்டி

ஆகஸ்ட் 27

சம்பந்தி அவர்களுக்கு,

சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

என் கடிதத்துக்குப் பதில் இல்லை. தந்தி இல்லை. பொடிசு அங்கே திரும்பிப் போனதிலிருந்து எழுதுவது இரண்டே வரி. "நல்லா இருக்கேன், நீ நல்லா இரு." இது என் பேத்தி எழுத்து இல்லை, யாரோ தபால்காரர் எழுத்து.

இன்றைக்கு டெய்லரம்மாவே பேச வந்துவிட்டாள். அவள் அண்ணன் பையன் உங்கள் கல்லூரியில் இரண்டாம் வருஷமாம். சீமை முடிவை நோட்டீஸ் பலகையில் ஒட்டிவிட்டார்களாம். ஒரே ஓர் எண்தான் விடுபட்டிருக்கிறதாம். "யாரோ பாவம்" என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கூடத்துக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த அடுப்புக்கு எதிரே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

அந்த எண் யாருடையது? மழுப்பாமல் எழுதுங்கள்.

பாட்டி

செப்டம்பர் 16
கல்லூரித் தலைவர் அலுவலகம்

சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

வீட்டில் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. தங்களை விசாரித்தார்கள்.

அந்த எண் அவளுடையது.

மற்றப் பகுதிகள் எல்லாவற்றிலும் தேறியிருக்கிறாள். மனைப் படத்தின் மேல் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்கள். "நிழல் தவறான பக்கம் விழுகிறது. மாணவருக்கு அடிப்படைப் பாடம் தெரியவில்லை." அதற்காகவே முழுப் படமும் தள்ளுபடி. அவர்கள் ஊரில் உச்சிவேளைச் சூரியன் என்றைக்கும் தெற்கு வானத்தில்தான் இருக்கும், நிழல் என்றைக்கும் வடக்கேதான். நம் ஊரில் கோடையில் சூரியன் தலையைத் தாண்டி வடக்கே போய்விடும் என்பது அந்தச் சிவப்பு மைக்குத் தெரியாது. தெரிந்தாலும் கேள்வித்தாளில் இல்லை.

தாங்கள் கேட்கப் போவது எனக்குத் தெரியும். இது நடக்கும் என்று எனக்கு முன்பே தெரியுமா? தெரியும்.

அடுத்த மார்ச் கப்பலில் மறுபடி ஒருமுறை அனுப்ப அனுமதி உண்டு. படத்தைப் புதிதாகப் போட வேண்டியதில்லை, நிழலை மட்டும் மாற்றினால் போதும். அவளிடம் சொன்னேன். மூன்று வேளையும் ஒரே மேஜையில் சாப்பிடுகிறோம், உப்பைக்கூட அவள் இந்த வீட்டுப் பாட்டியிடம்தான் கேட்கிறாள்.

இதற்கு முன்பே எழுதியிருப்பேன். ஓரிடத்திலிருந்து பதில் வருமா என்று காத்திருந்தேன்.

தங்கள் சம்பந்தி

செப்டம்பர் 29

சம்பந்தி அவர்களுக்கு,

அண்ணி கண்ணை நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும். கண் தெளிந்த பிறகு முதலில் உங்களைத்தான் பார்க்க வேண்டியிருக்கும், அதற்கும் தைரியம் வேண்டும்.

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். சிவப்பு மை எழுதிய மகானுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவர் படத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்! திருப்பிப் பிடித்தால் தெற்கு வடக்காகிவிடும், நிழல் அவர் ஊர்ப் பக்கம் போய்விடும். நான் அப்படிப் பிடித்தபோது சபையே சிரித்தது. அவர் பிடித்தால் என் பேத்தி பெயிலாகிறாள். போய் அவரைப் பார்த்தும் சிரியுங்களேன். முடியாது. உங்களுக்குச் சிரிப்பு வருவது என்னைப் பார்த்தால் மட்டும்தான்.

தெரிந்தே அனுப்பினேன் என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டீர்கள். பேத்தியைத் தண்ணீரில் தள்ளிவிட்டு, "ஆழம் என்று எனக்கு முன்பே தெரியும்" என்று கரையில் நிற்கிற தாத்தாவை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

நடந்தது போகட்டும். எனக்கு அந்த முத்திரை வேண்டும். இந்தத் தெருவில் நான் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும். பொடிசுக்குக் கண்டிப்பாக எழுதிவிட்டேன். "நிழல மேல போட்டா என்ன, கீழ போட்டா என்ன, எல்லாம் கறுப்பு மைதான். மார்க் போடறவனுக்குப் பிடிச்ச மாதிரி போட்டுக் குடுத்துட்டு முத்திரைய வாங்கிக்கோ. வாங்கின பிறகு உன் இஷ்டப்படி கட்டு." நான் சொன்னால் கேட்பாள். மார்ச் கப்பலுக்குத் தயாராக இருங்கள்.

பாட்டி

நவம்பர் 21
கல்லூரித் தலைவர் அலுவலகம்

சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

தங்கள் உடல்நிலை சீராக இருக்கும் என்று நம்புகிறேன்.

தாங்கள் அவளுக்கு எழுதிய கடிதத்தை அவள் என் அலுவலக மேஜையில் கொண்டுவந்து வைத்தாள். உடனே போய்விட்டாள். படித்தேன். வரிக்கு வரி நான் ஒரு வருஷமாக அவளிடம் சொல்லிவந்ததுதான். என் வார்த்தைகளைத் தங்கள் கையெழுத்தில் பார்க்க நேரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டாம் முறை படிக்கப் பிடிக்கவில்லை. கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது.

முடிவு வந்த வாரமே நான் சீமைக்கு எழுதியிருந்தேன், நம் ஊர் வெயிலை விளக்கி. சென்ற கடிதத்தில் காத்திருந்தேன் என்றது அந்தப் பதிலுக்குத்தான். இப்போது வந்துவிட்டது. "கட்டடம் எந்த நாட்டில் நின்றாலும் தேர்வு விதி ஒன்றே." "நீ கை. தலை நான்" என்று அன்று அந்த வெள்ளைக்கார இன்ஜினியர் சொன்னதையே கொஞ்சம் மரியாதையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கல்லூரிக் குழுவைக் கூட்டினேன். இனிமேல் படங்கள் கப்பல் ஏறாது. கேள்வியும் இங்கே, திருத்துவதும் இங்கே, முத்திரையும் இங்கே. அரசாங்கம் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டது. எதிர்த்தவர்கள் இருந்தார்கள். "பேத்தி பெயிலானதும் பரீட்சையையே மாத்திட்டாரு" என்று என் காதுபட ஒருவர் சொன்னார். வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தானே தெரியும்.

ஒன்று இருக்கிறது. படங்களைச் சீமையில் திருத்திய காலம் வரை நான் யார், அவள் யார் என்ற பேச்சில்லை. இனிமேல் கல்லூரித் தலைவர்தான் ஒவ்வொரு படத்திலும் கையெழுத்துப் போட வேண்டும். சொந்தக்காரர் படத்தில் தலைவர் கையெழுத்துப் போடக் கூடாது என்று விதி எழுதியிருக்கிறோம். எழுதியவன் நான். அதனால் புதிய தேர்வுப் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

தங்கள் சம்பந்தி

டிசம்பர் 3

சம்பந்தி அவர்களுக்கு,

நலம் கேட்டிருந்தீர்கள். கெட்டுப்போய் இருக்கிறேன்.

சீமை முத்திரையும் இல்லை, உங்கள் ஊர் முத்திரையும் இல்லை. கடைசியில் என் பேத்திக்கு என்னதான் மிச்சம்? அவள் படத்தைக் காட்டிக் குழுவில் ஜெயித்தீர்கள், அவள் பெயரைப் பட்டியலில் அடித்தீர்கள். கல்லூரியை வளர்த்த பெரிய மனுஷர் என்று உங்களுக்கு மாலை போடுவார்கள். அந்த மாலைக்கு நூல் என் பொடிசு.

அவள் எனக்கு எழுதுவதை நிறுத்திவிட்டாள். அதற்குக் காரணம் என்னுடைய கடிதம் என்று நீங்கள் எனக்குச் சொல்லித்தராதீர்கள். அது எனக்கே தெரியும்.

உங்களோடு இனி எனக்கு எழுத்துப் போக்குவரத்து வேண்டாம். அண்ணிக்குத் தனியாக எழுதிக்கொள்கிறேன்.

பாட்டி

பிப்ரவரி 8

சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். ஒரு வேலை விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

தங்கள் வீட்டுப் புகைபோக்கியை இடித்துக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். இப்போது எனக்கு நேரம் இருக்கிறது. ஆட்களை நானே கூட்டிவந்து, பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறேன். அந்த அடுப்பைத் தங்கள் வீட்டில் ஏன் வைத்தேன் என்று தாங்கள் என்றும் நேராகக் கேட்டதில்லை. அந்த முக்காலியை விட்டுச் சீமைக்குப் போய்ப் படித்தபோது நான் போட்ட படங்களில் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று சொன்னது அந்த அடுப்பு ஒன்றைத்தான். அதை எங்காவது கட்டிப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

பதில் எழுதினால் வீட்டு முகவரிக்கு எழுதவும்.

தங்கள் சம்பந்தி

மார்ச் 4

சம்பந்தி அவர்களுக்கு,

நாங்கள் நலம். அண்ணிக்குக் கண் தெளிவாகத் தெரிகிறதாம், சந்தோஷம். உங்கள் முழங்காலைப் பற்றி உண்மையாகவே கேட்கிறேன், எப்படி இருக்கிறது?

இத்தனை வருஷமாகக் கல்லூரிப் பெயர் அச்சடித்த தாளில்தான் எனக்குத் திட்டி எழுதுவீர்கள். இந்தத் தடவை வெறும் தாள். வீட்டு முகவரி. "நேரம் இருக்கிறது" என்று ஒரு வரி. அஞ்சாம் வகுப்பு என்றாலும் வெறும் தாளைப் படிக்க எனக்குத் தெரியும். பொடிசுக்கு எழுதிக் கேட்டேன். அவளும் பதில் போட்டுவிட்டாள், எட்டுப் பக்கம்.

தலைவர் வேலையை நீங்களே விட்டுவிட்டீர்களாம். உங்களிடம் படித்தவர் ஒருவர் இப்போது அந்த நாற்காலியில் இருக்கிறாராம். அவர் கையெழுத்துப் போடலாம், அவர் எங்களுக்கு உறவில்லை. பட்டியலில் பொடிசின் பெயர் மறுபடி ஏறிவிட்டதாம். ஜூனில் பரீட்சை. "எனக்காகவா தாத்தா?" என்று கேட்டாளாம். "உனக்காக இல்ல. நான் எழுதின விதி, நானே தாண்டக் கூடாது" என்றீர்களாம். அன்றைக்கு உப்பை உங்களிடம்தான் கேட்டாளாம்.

இதையெல்லாம் ஏன் எனக்கு எழுதவில்லை? எழுதினால் நான் ஏதாவது நல்ல வார்த்தை சொல்லிவிடுவேன் என்று பயமா? கவலைப்படாதீர்கள். சொல்ல மாட்டேன்.

போர்டு எழுதுகிறவரைக் கூப்பிட்டேன். "சீமைப் பட்டம் பெற்றவர்" என்ற வரியை மட்டும் சுரண்டிவிட்டார். மேலே பெயர் மட்டும் இருக்கிறது. கீழே இடம் காலி. ஜூனுக்குப் பிறகு என்ன எழுதலாம் என்று பொடிசு சொல்வாள். டெய்லரம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், பார்க்கட்டும் என்று கதவைத் திறந்தே வைத்திருந்தேன்.

சீமை போய் வந்த நூலகப் படத்தைக் குழலோடு எனக்கு அனுப்பியிருக்கிறாள். கண்ணாடி போட்டு, அந்த அடுப்புக்கு மேலே மாட்டியிருக்கிறேன். சிவப்பு மையை மறைக்கவில்லை, அதுவும் இருக்கட்டும். வடக்கு எது என்று அம்புக்குறி போட்டிருக்கிறாள், அதைப் பார்த்துத்தான் மாட்டினேன். நேராகத்தான் இருக்கிறது. வேண்டுமானால் வந்து பாருங்கள்.

புகைபோக்கியில் கை வைக்க ஆள் அனுப்பினீர்களானால் அவர்கள் முழுசாகத் திரும்பிவர மாட்டார்கள். பரீட்சை முடிந்ததும் பொடிசு இங்கே வருகிறாள். போன வருஷக் கோடுகள் மழையில் போய்விட்டன, மறுபடி போட வேண்டுமாம், இந்தத் தடவை ஒருவர் நூலைப் பிடிக்க வேண்டுமாம். எனக்குக் குனிய முடியாது. நீங்கள் வாருங்கள். உச்சி வெயிலில் தொட்டிப் பக்கம் வந்து நின்று, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று உங்கள் வாயால் எனக்குச் சொல்லுங்கள்.

குடை தர மாட்டேன்.

பொடிசின் பாட்டி